அட்டை இல்லாத காது

சென்னைக்கு வந்த புதிதில், தியாகராய நகரில் ஒரு தேநீர்க் கடைக்காரர் என்னிடம் ஏதோ கேட்டார். "விளங்கேல்லை அண்ணை" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "இன்னா சிஸ்டர், கடை தொறந்ததும் விளங்கலன்ற?" என்றார். புரியவில்லை என்பதற்கு எங்கள் யாழ்ப்பாணத்தில் சொல்லும் சொல், இங்கே உருப்படாது என்ற சாபம்போல ஒலிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் அன்று எனக்குப் புரியாமல் போனது அவருடைய தமிழ் அல்ல. அவர் கேட்டதே என் காதில் விழவில்லை. ஊரில் யாருக்கும் இதை நான் இதுவரை சொல்லவில்லை.

பள்ளியில் எனக்குப் 'பாம்புக் காது' என்று பெயர். வகுப்பில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தாலும் ஆங்கில ஆசிரியை முணுமுணுப்பது கேட்கும். அந்த ஆங்கிலம்தான் எனக்கு இங்கே வேலை வாங்கித் தந்தது. மருத்துவர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. இங்கே வரும்போதே மங்கத் தொடங்கியிருந்த இரண்டு காதுகளும், வேலையில் சேர்ந்த பிறகு இன்னும் மந்தமாயின. யாராவது கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால், "சிலோன் அக்காவுக்கு நம்ம தமிழ் புரியாது" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்குள் இரண்டு வருடம் ஒளிந்திருந்தேன்.

பக்கத்து இருக்கை ரேவதி, மயிலாப்பூர்க்காரி, கண்டுபிடித்துவிட்டாள். கேட்காத இடங்களில் நான் விட்டுவைக்கும் கோடுகளை, சாப்பாட்டு நேரத்தில் தானே கேட்டு நிரப்பித் தந்தாள். "எத்தனை நாள் இப்படிச் சமாளிப்பேள்? காது மந்தமானவாளுக்குன்னே சத்தத்தைக் கூட்டித் தர்ற ஹெட்போன் இருக்காம். ஆபீஸ்ல வாங்கித் தரச் சொல்லி மேனேஜர்ட்ட கேளுங்கோ" என்றாள்.

கேட்டேன். "தப்பா நெனைக்காதீங்க மேடம். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தா ஹெட்போனுக்கு உடனே மேலிடத்துக்கு எழுதி அனுப்பிடலாம்" என்றார் மேனேஜர். அட்டை தரும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு ஏதோ சொன்னார். "இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்றேன். ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார்: 'நீங்க இந்தியா இல்லையே.' இந்த நாட்டில் என் காதுக்காக ஒன்றை எழுதிக் காட்டிய முதல் ஆள் அவர்தான்.

அடுத்த மாதம் ரேவதி தாயாரின் அறுவைச் சிகிச்சைக்காக ஒரு வாரம் விடுப்பில் போனாள். அந்த வாரம் ஒரு மருத்துவர் தாழ்ந்த குரலில் 'ஹைப்போ' என்றதை 'ஹைப்பர்' என்று அடித்துவிட்டேன். குறைந்த ரத்த அழுத்தம் காகிதத்தில் கூடிய ரத்த அழுத்தமாகிவிட்டது. சரிபார்ப்பவர் பிடித்துவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றே மேனேஜரிடம் போய், இனி நான் தட்டச்சு செய்யக்கூடாது என்று நானே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கோப்புகள் அடுக்கும் மேசைக்கு மாற்றினார். ஹெட்போனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

போன ஞாயிறு மாலை ஊரூர் குப்பத்தில் மீன் வாங்க நின்றபோது, யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை வீடியோவில் அழைத்தாள். "வஞ்சிரம் கீது, வாங்கிக்கினு போ" என்று மீன்காரப் பெண் சொன்னதை அவள் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டேன். இங்குள்ள உதடுகளை இத்தனை வருடம் பார்த்துப் பழகிவிட்டது. திரையில் தங்கையின் உதடுகள் வேகவேகமாக அசைந்தன. எங்கள் வீட்டுத் தமிழ். ஒரு சொல்லைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. "ஓமோம்" என்று தலையாட்டிக்கொண்டே நின்றேன்.