பத்துமலையில் எடுக்காத முதல் முடி

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம், தாயில்லாத என் பேத்திக்குக் கோலாலம்பூரைச் சுற்றிக் காட்டப் போனோம். பிரசவத்தில் மகள் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து காஜா பெராங் கிராமத்தில் எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை. மாப்பிள்ளை அவளைக் கப்பலில் இந்தியாவுக்கு, தன் சொந்த ஊருக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்திருந்தார். பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம்.

பெரிய திடலில் கொடியையும், ரயில் நிலையத்தின் கும்மட்டங்களையும் காட்டிவிட்டுப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனோம். அங்கேயே பிள்ளைக்கு முதல் முடி எடுத்துவிட என் மனைவிக்கு ஆசை. தாய்மாமனான என் மகன் மடி கொடுக்கச் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"கெட்டியா புடிச்சுக்கடா, மருமவ ஒதைப்பா," என்று மனைவி சிரித்தாள்.

"வேணாம் மாமா," என்றார் மாப்பிள்ளை என்னிடம். "மொத முடி எங்க குலசாமிக்கு. ஊருல எடுத்துக்கிறோம்."

"அங்க யாரு மாப்பிள்ளை மடி குடுப்பா?"

"அங்கயும் ஒரு மாமன் இருக்காரு," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

என் மகளுக்கு உடன்பிறந்தவன் இவன் ஒருவன்தான். ஊரில் இன்னொரு மாமன் என்றால், மாப்பிள்ளைக்கு அங்கே பெண் முடிவாகிவிட்டது. இனிப் பிள்ளை எங்கே திரும்பி வரப்போகிறாள்? பெற்றவன் கேட்கும்போது தரமாட்டேன் என்று சொல்ல நான் யார்?

மகன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். அவளை எங்களுக்கே விட்டுவிடு என்று முருகனிடம் கேட்க வாய் வரவில்லை. போகிற இடத்தில் நன்றாக வை என்று கேட்க மனம் வரவில்லை. ஒன்றும் கேட்காமலே இறங்கி வந்தேன்.