பின்னால் வரவேண்டிய படம்

எங்கள் அத்தைக்கு எதையும் சின்னதாகச் செய்ய வராது. கோலம் போட்டால்கூட எதிர்வீட்டு வாசல் வரை போய்ச் சண்டையில் முடியும். அப்படிப்பட்டவள் வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டால் சும்மா இருப்பாளா? எங்கள் பேட்டையான நீலசந்திராவில், வீட்டு மொட்டைமாடியிலிருந்து எடுத்த போட்டோவைத் திரை முழுக்க நிரம்பும்படி அத்தனை பெரிதாகப் பின்னணியில் போட்டாள். தண்ணீர்த் தொட்டிகள், கொடியில் காயும் துணிகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள், மேலே வானம். அதன்மேல் அசைகிற சங்கதிகள். பட்டம் பறக்கும், ஜன்னலைத் தொட்டால் திறக்கும். ஒரு மாடியில் நான் நிற்பேன். என்மேல் மவுஸை வைத்தால் கையாட்டுவேன். அன்றைக்கு எனக்கிருந்த திமிர் சொல்லி மாளாது.

அத்தை அப்பாவின் தங்கை. கம்ப்யூட்டர் கிளாஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஓசூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண்களை வேலைக்கு அனுப்புகிற பழக்கமெல்லாம் தங்கள் வீட்டில் இல்லை என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். அத்தை சாப்பிடாமல் கிடந்தாள். அப்பா கெட்டவர் இல்லை, பொறுமை இல்லாதவர், அவ்வளவுதான். ஒரு கம்பெனியில் கூப்பிட்டிருக்கிறார்களே, அது கிடைத்தால் வரனை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், கிடைக்காவிட்டால் பேசாமல் கழுத்தை நீட்டு என்றார்.

கம்பெனியில் அவள் சொந்தமாகச் செய்த வெப்சைட் ஒன்றைக் காட்டச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு, இன்டர்நெட் கிடையாது. சிடியில் எடுத்துக்கொண்டு போய் பிரௌசிங் சென்டரில் ஏற்றிவிட்டு வந்தாள். மறுநாள் கம்பெனிக்காரரே போன் செய்து, பேசிக்கொண்டே பார்க்கிறேன் என்றார்.

அத்தை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பட்டம் தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறதாம். ஆனால் வெறும் வெள்ளையில் பறக்கிறதாம். ஒரு சின்னப் பெண்ணும் அதே வெள்ளையில் நின்று கையாட்டுகிறாளாம். அத்தையின் முகம் மாறியது.

"ஸ்வல்ப இருங்க சார். பின்னாடி படம் வந்துடும்."

உதவலாம் என்று நான் ஓடிப்போய் எங்கள் கம்ப்யூட்டரில் திறந்தேன். வானம், வீடு, நான், எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றன. நம்ம வீட்டில் வந்துவிட்டது என்று கத்தினேன். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று மறுபடியும் சொன்னாள். அப்புறம் சரி சார், சரி சார் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் வைத்துவிட்ட பிறகும் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

எங்கள் மெஷினுக்குப் படம் அதன் வயிற்றிலேயே இருந்தது. அவருக்கோ அத்தனை பெரிய படமும் அந்தக் காலத்து டெலிபோன் வயர் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போய்ச் சேரவேண்டும். அத்தை அதை வெளியிலிருந்து ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. சென்டரில் ஏற்றி முடிப்பதற்குள் அவள் காசு கட்டியிருந்த நேரம் தீர்ந்துவிட்டது. இன்று இதே ஊரில் நானும் இதே வேலைதான் செய்கிறேன். படத்தைக் கொஞ்சம் இளைக்க வைத்திருக்கலாம். இல்லை, படம் முழுதாக வந்தபிறகு மற்றதெல்லாம் ஆடட்டும் என்று எழுதிவைத்திருக்கலாம். ஒரு மத்தியான வேலை. சொல்லிக்கொடுக்க ஒருத்தர் இல்லாமல் போனாரே என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஓசூருக்குச் சரி என்று சொல்லியாயிற்று. எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்தார்கள், தலைகால் புரியவில்லை. ரிசப்ஷன் மேடையில், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் ஒரு பெரிய படுதா கட்டியிருந்தார்கள். பனிமலை, நீர்வீழ்ச்சி, ஒரு ஜோடி அன்னம். அதற்கு முன்னால் அத்தை மாலையோடு உட்கார்ந்திருந்தாள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடையேறி அவள் காதில் சொன்னேன்.

"இங்க பின்னாடி படம் உடனே வந்துடுச்சி பாத்தியா அத்தை?"

அத்தை ஒருதரம் திரும்பி அந்த மலையைப் பார்த்தாள். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. மேக்கப் கலையும் என்று போட்டோகிராபர் கோபித்துக்கொண்டார். அத்தைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது என்று, அந்த ஜோக்கைப் பந்தியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.