மண்டபமாகிப்போன வீடு

ஆவணி மாதத்து முதல் முகூர்த்த நாள். காலை ஆறு மணிக்கு ஆம்பூர் ரயில் பாதைக்குப் பின்னாலிருக்கும் தங்கள் வீட்டு வாசலில் பாரதி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். பட்டு வேட்டிக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் பைக்கில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாளின் கையில் பரிசுக் காகிதம் சுற்றிய சுவர்க்கடிகாரம்.

"மண்டபத்துக்கு எந்தப் பக்கம்மா வழி?"

"மண்டபமா? இது எங்க வீடுங்க."

அவர் கைபேசியை நீட்டினார். "இதோ பாரு, மேப்புல இங்கதான் காட்டுது. சுகந்தி மகால்."

சொல்லிவிட்டு, மண்டபம் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதோ என்பதுபோல எட்டிப் பார்த்தார். சுகந்தி மகால் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி பைபாஸ் ரோட்டில் இருந்தது. அதை பாரதி வாயில் நுரையோடு விளக்கியும் அவர் நம்பவில்லை. கைபேசியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அடுத்து ஒரு கார். அதற்கடுத்து காவேரிப்பாக்கத்திலிருந்து பதினான்கு பேரோடு ஒரு வேன். சந்துக்குள் நுழைந்த வேனால் திரும்ப முடியவில்லை. எதிர்வீட்டு அன்வரி பேகம் மாடியில் நின்றபடி, "லெஃப்டுல ஒடி, இன்னும் கொஞ்சம் ஒடி" என்று டிரைவருக்குக் கையைக் காட்டினார். பாரதியின் அப்பா முனிரத்தினம் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனார். எட்டு மணிக்குள் அவர் பாதி டிராஃபிக் கான்ஸ்டபிளாகியிருந்தார். வேனில் வந்த ஒரு வயதானவருக்குத் தலை சுற்ற, அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார் அம்மா மீனாம்பாள். இரண்டு குழந்தைகள் பாத்ரூம் போய்விட்டு வந்தன.

கூட்டம் ஓய்ந்ததும் பாரதி மேப்பைத் திறந்தாள். சந்தேகமே இல்லை, அவர்கள் வீட்டு மொட்டைமாடி மேல்தான் சுகந்தி மகால் உட்கார்ந்திருந்தது. கீழே யாரோ விமர்சனமும் எழுதியிருந்தார்கள். அதை வாய்விட்டுப் படித்தாள்: "இடம் மிகவும் சின்னது. வாசலிலேயே துணி காயப் போட்டிருக்கிறார்கள். இரண்டு ஸ்டார்."

"எந்தத் துணி? நம்ம துணியவா சொல்றான்?" மீனாம்பாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டா? நம்ம வீட்டுக்கு ரெண்டுதானா?"

"எந்த மடையன் இதை இங்க கொண்டாந்து வச்சான்னு தெரியலம்மா. கண்ணு தெரியாதவனா இருப்பான்."

பாரதி வேலூரில் பி.காம். இரண்டாம் வருஷம் படித்தாள். தினமும் காட்பாடி வரை ரயில், அங்கிருந்து பஸ். திங்கட்கிழமை ரயிலில் உட்கார்ந்தபடி, தவறைச் சரிசெய்யும் வழியை மேப்பில் தேடினாள். அப்படித் தேடும்போது 'உங்கள் பங்களிப்புகள்' என்றொரு பட்டியல் திறந்தது. அவள் பெயரில் இருநூற்றுப் பன்னிரண்டு பங்களிப்புகள். தனக்கே தெரியாமல் இவ்வளவு பங்களித்திருக்கிறோமா என்று சிரித்துக்கொண்டே விரலால் தள்ளியவள், மேல்பட்டி தாண்டும்போது நின்றுவிட்டாள்.

கல்யாணமே இல்லாத போன ஆடி மாதத்தில் ஒரு நாள் மேப் அவளைக் கேட்டிருந்தது: 'சுகந்தி மகால் இந்த இடத்தில்தான் உள்ளதா?' அவள் 'ஆமாம்' என்று சொல்லியிருந்தாள்.

கண் தெரியாத மடையன் வேறு யாருமில்லை.

அது எப்படி நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ரயில் நகராமல் நிற்கும் நேரங்களில் மேப் ஏதாவது கேட்கும். இந்தக் கடையில் பார்க்கிங் உண்டா, அந்த மெடிக்கல் ஞாயிறு திறந்திருக்குமா. ஒவ்வொரு பதிலுக்கும் பாயின்ட் ஏறும். ஆமாம், ஆமாம், ஆமாம். கட்டைவிரல் தானாகவே போய் அழுத்தும்.

அன்றைக்கு ஒரு வேலை செய்தாள். தான் எத்தனை முறை 'ஆமாம்' அழுத்துகிறோம் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். சம்மதமா, ஆமாம். அனுமதிக்கவா, சரி. விதிமுறைகளைப் படித்தீர்களா, படித்தேன். வீடு திரும்பும்போது நாற்பத்தொரு கோடுகள். படித்துப் பார்த்து அழுத்தியவை மூன்று. டார்ச் அடிக்கும் ஆப்புக்கு அவளுடைய தோழிகளின் நம்பரெல்லாம் எதற்கு? அதற்கும் சரி என்றிருந்தாள். அம்மா ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருப்பவர். ஒவ்வொரு ஜோடியையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையலை விரலால் தடவிய பிறகுதான் ஓகே ஸ்டிக்கர் ஒட்டுவார். அந்த வீட்டிலா தான் பிறந்தோம் என்று பாரதிக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் மறைத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அம்மா, அந்த மடையன் யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"யாருடி?"

"நான்தான்."

மீனாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு, உட்கார்ந்து சிரித்தார். "நல்லவேளை மண்டபத்தோட நிறுத்தினே. சுடுகாடு இருக்குதான்னு கேட்டிருந்தா?"

பாரதி அனுப்பிய திருத்தத்தை மேப் ஏற்கவில்லை. 'உறுதிப்படுத்த முடியவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மறுபடி அனுப்பினாள், மறுபடி அதே வரி. தப்பாகச் சொன்னபோது உடனே நம்பியது, உண்மையைச் சொன்னால் சந்தேகப்படுகிறதே என்று புலம்பினாள்.

"நீ ஒருத்தி சொன்னா எப்படி நம்பும்? எங்க கம்பெனி வேன்ல பதினெட்டு பேர் இருக்கோம். சனிக்கிழமை வா" என்றார் மீனாம்பாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வாசலில் பாரதியும் வேனில் ஏறினாள். ஸ்டிச்சிங் பிரிவு சுகரா பேகம் விஷயத்தைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"எல்லாரும் போனை எடுங்கடி! மீனா வூட்டுல பந்தி போட்டே பேஜாராகிட்டாங்களாம்!"

ஒருத்தியிடம் நெட் இல்லை, பக்கத்திலிருந்தவள் கொடுத்தாள். ஒருத்தியின் திரை சிலந்திவலை போல உடைந்திருந்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஷர்மிளா அவசரமாக அழுத்தப் போக, பாரதி கத்தினாள்:

"இருங்க அக்கா! இன்னா கேக்குதுன்னு மொதல்ல படிங்க!"

ஷர்மிளா படித்தாள். மண்டபம் நிரந்தரமாக மூடப்பட்டதா என்று கேட்டிருந்தது. வேனே சிரித்தது.

புதன்கிழமை சுகந்தி மகால் எழுந்து பைபாஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த முகூர்த்தத்தன்று முனிரத்தினம் ஆறு மணிக்கே சட்டை போட்டுக்கொண்டு தெருமுனையில் நின்றார். ஒருவரும் வரவில்லை. ஏழரைக்கு வீட்டுக்குள் வந்து, "ஒரு வேன்கூட வரல" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம்தான்.

விஷயம் அதோடு முடியவில்லை. வேனில் சுகரா பேகம் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தவர், "எங்க தெருவுக்குப் பேரே இல்லியே. வெறும் வெள்ளைக் கோடு" என்றார். மற்றவர்களும் தேடினார்கள். பாதிப் பேருடைய தெருக்கள் வெள்ளைக் கோடுகள்தான்.

மறு சனிக்கிழமை பாரதியை மறுபடி வேனுக்கு அழைத்தார்கள். முதலில் சுகரா பேகத்தின் தெரு. அது கிணற்றுத் தெரு என்றார் ஒருவர். கிணறு மூடிப் பதினைந்து வருஷமாச்சு, டேங்க் தெருவென்றுதான் எல்லோரும் சொல்கிறோம் என்றார் இன்னொருவர். தபால் எப்படி வருகிறது என்று பாரதி கேட்டாள். அதற்கு இருவருமே வேறு வேறு பதில் சொன்னார்கள். வேன் சுகரா பேகத்தின் ஸ்டாப்பில் வந்து நின்றபோதும் பஞ்சாயத்து முடியவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தார். சுகரா பேகம் இறங்க மறுத்தார்.

"பேர் வைக்காம இறங்க மாட்டேன்!"

பாரதி கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்தபடி, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.