தையலுக்கு விட்ட அரை அங்குலம்

கட்டிங் அக்கா என்றால்தான் தையல் கடையில் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக மேஜை முன் நின்று துணி வெட்டுகிறவள். கணவர் இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. அழுகை வரவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், கடைக்குப் போனாள். பல்லுக்கு ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, உடம்பு மொத்தமும் அப்படிக் கிடந்தது.

ஒரு நாள் காலர் வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. காது வந்தது, கழுத்து வந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வீட்டில் இருக்கிற போட்டோவெல்லாம் அவர் எடுத்தது. அதனால் கல்யாணப் படத்தில் நிற்கிற ஒல்லிப் பையனைத் தவிர ஒன்றிலும் அவர் இல்லை. அடையாள அட்டையில் இருந்தவரோ போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி முறைத்தார். மிச்சமும் போவதற்குள் வரைந்து வைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள்.

நூலகத்துக்குப் போனாள். "படம் போடக் கத்துக்கிற புஸ்தகம் இருக்கா சார்?"

"கொழந்தைக்கா?"

"எனக்கு."

நூலகர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றை எடுத்துப் போட்டார். ஒன்றில் யானை, குதிரை. ஒன்றில் பூந்தொட்டி. மூன்றாவதில் மனித முகம்: முதலில் முட்டை, நடுவே குறுக்குக் கோடு, கோட்டின் மேல் கண். மகள் தன் போனில் வீடியோவும் தேடிக் கொடுத்தாள். அதில் ஒருத்தன் 'ரொம்ப ஈஸி' என்று சொல்லிச் சொல்லி மூன்றே நிமிஷத்தில் ஒரு முகத்தை முடித்தான்.

"ஈஸின்னா எதுக்கு இத்தனை தடவை சொல்றான்?" என்றாள் இவள்.

முட்டை நன்றாகவே வந்தது. கண் வைத்ததும் யாரோ ஆகிவிட்டது. மூக்கு வைத்ததும் வேறு யாரோ. பத்து நாளில் ஒரு நோட்டு தீர்ந்தது.

ஞாயிறு மதியம் புத்தகத்தை மூடிவிட்டுத் தரையில் பழுப்புத் தாளை விரித்தாள். அளவு மட்டும் எதுவும் மறக்கவில்லை. தோள் பதினெட்டு, பின்கழுத்து ஆறரை, இடது தோள் கால் அங்குலம் இறக்கம். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சட்டையை வேறு யாரும் வெட்டியதில்லை. சாக்கட்டியை எடுத்து முழு ஆளாக, முதுகுப் பக்கமாகப் போட்டாள்.

மகள் வந்து நின்று பார்த்தாள். "அப்பாதானே? காது அப்பா காதேதான். ஆனா எப்ப இவ்ளோ சதை போட்டாரு?"

இவள் குனிந்து பார்த்தாள். வெட்டும்போது தையலுக்கென்று ஓரத்தில் விடுகிற அரை அங்குலத்தைக் கை தன் பாட்டுக்கு விட்டிருந்தது.

"தையலுக்கு விட்டுட்டேன்டி."

"ஆளை எங்கம்மா தைக்கப் போற?" மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தையல் ஓடுகிற இடத்தில், அரை அங்குலம் உள்ளே தள்ளி, இன்னொரு கோடு இழுத்தாள். இடது தோளுக்கு வந்ததும் கை தானே இறங்கியது.

மகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "ம். இப்ப சரியா இருக்கு."

திங்கட்கிழமை மூன்று புத்தகத்தையும் நூலகர் மேஜையில் வைத்தாள்.

"கத்துக்கிட்டீங்களா?"

"முதுகு வந்துடுச்சு சார்," என்று மூன்றாவதை மட்டும் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "முகத்துக்கு இதை இன்னும் ரெண்டு வாரம் எழுதிக்குங்க."