கிரீடத்தைக் கழற்ற மறுத்த ஹங்கேரி அரசர்

என் மகனுக்கு ஐந்து வயதான ஆண்டு, மாதா கோயில் நிகழ்ச்சியில் அவன் ஹங்கேரியின் முதல் அரசராக வந்தான். அந்த அரசர் புனிதர். அவர் பெயரைத்தான் இவனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்திருந்தோம்.

அரச உடைக்கு எங்கே போவது? ரங்கூனில் எங்கள் தின்கன்ஜூன் பகுதியில் ஷின்பியு உடைகள் வாடகைக்குக் கிடைக்கும். பர்மியப் பையன்களை மொட்டையடித்து மடத்தில் துறவியாக்குவதற்குமுன் இளவரசனாக அலங்கரிப்பார்களே, அந்த உடை. மழைக்காலத்தில் அதைக் கேட்பாரில்லை. அந்த ஜிகினா ஹங்கேரிக்குப் பொருந்துமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஹங்கேரியைப் பார்த்தவர்கள் எங்கள் கோயில் பங்கில் யாருமில்லை என்று தேற்றிக்கொண்டேன்.

புறப்படும்போது பக்கத்து வீட்டு பர்மியப் பெரியம்மா பார்த்துவிட்டார். என்னை மகளே என்று, 'தமீ' என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன தமீ, பையனுக்கு ஷின்பியு வைக்கிறே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லல?"

"ஷின்பியு இல்ல பெரியம்மா. கோயில் நாடகம். இவன் ராஜா."

"ராஜான்னா அடுத்து மொட்டைதானே? இரு, நானும் வர்றேன்."

வெள்ளைத் துணியோடு வந்தார். மழிக்கும் மயிரை அதில்தான் ஏந்துவார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் நேரத்தில் என் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அவர். வழி முழுக்க மகன் கிரீடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தான்.

மேடையில் நன்றாகவே சொன்னான். பாப்பரசர் கிரீடம் அனுப்பியது, பத்து ஊருக்கு ஒரு கோயில் கட்டச் சொன்னது, நாற்பது வருடம் போல ஆண்டது, எதையும் விடவில்லை. கடைசியில், சாகும் தறுவாயில் அரசர் கிரீடத்தை மாதாவுக்குக் கொடுத்தார். அவன் அதைக் கழற்றிச் சுரூபத்தின் காலடியில் வைக்க வேண்டும். முன்வரிசையில் பெரியம்மா துணியை விரித்தார்.

"ராஜா சாகல," என்றான் மகன். "இன்னும் ஆண்டுக்கிட்டிருக்கார்."

"ஆயிரம் வருஷமாவா?" என்று கேட்டார் சாமியார்.

"ஆமா ஃபாதர்."

மேடைக்கு ஓடினேன். "மொட்டை போட மாட்டாங்கடா."

"அப்ப அந்தத் துணி எதுக்கு?"

வேறு வழி தெரியவில்லை. பெரியம்மாவிடம் துணியை வாங்கி என் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டேன்.

"அம்மாவுக்கா மொட்டை?"

"ஆமாப்பா."

நிம்மதியாகக் கிரீடத்தைக் கழற்றி வைத்தான், உடனே செத்தும் போனான். எல்லாரும் கைதட்டினார்கள். கோயிலில் பொய் சொன்னேனே, பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று நான் தவித்துக்கொண்டிருக்கையில், செத்துக்கிடந்த ராஜா ஒரு கண்ணைத் திறந்து, ஆரம்பித்துவிட்டார்களா என்று என் தலையைப் பார்த்தார்.