செக்லிஸ்ட்டோடு வரும் மகள்

என் கணவர் என்னிடம் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்டது பிரிந்த பிறகுதான். சேர்ந்திருந்த ஏழு வருடமும் 'வா, போ'தான். இப்போது ஞாயிறு மாலைகளில், இந்த மராத்தி ஊரில், பாணேர்ப் பகுதியில் இருக்கும் என் குடியிருப்பின் கேட்டில் மகளை இறக்கிவிட்டு, "பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க" என்பார். கோயம்புத்தூர்க்காரர், கஸ்டமரைக் கண்டால் 'ங்க' தானாக வந்துவிடும்.

ஐந்து வயதுப் பெண்ணை ஒப்படைக்க ஒரு செக்லிஸ்ட் வைத்திருந்தார். ஊரின் மறுகோடியில், ஹடப்சர் ஆபீஸில் சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. குழந்தை அவரிடம் வாரத்தில் மூன்று நாள், என்னிடம் நான்கு. மூன்றரை மூன்றரையாக வேண்டுமாம். அந்த அரை நாளுக்காகத்தான் இந்த ஆதாரம் சேர்க்கிற கூத்தெல்லாம். கொசுக்கடி இரண்டு. முழங்காலில் சிராய்ப்பு ஒன்று. இருமல், 'உங்கள் நாட்களில் தொடங்கியது'. பெற்ற பிள்ளையை வாடகைக் கார் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்க்கிற ஜென்மம்!

நான் மட்டும் என்ன ஒழுங்கு? அனுப்பும் முன் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, கை காலையெல்லாம் போட்டோ எடுத்தேன். ஒரு வாரம் அவளுக்கு லேசான காய்ச்சல். மருந்து கொடுத்து, உடம்பு குளிர்ந்ததும் அனுப்பிவைத்தேன்.

"அப்பா கேட்டா காய்ச்சலே வரலைன்னு சொல்லு."

தலையாட்டினாள். சமர்த்து என்று மெச்சிக்கொண்டேன். அந்தக் கேவலத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, கேட்டிலேயே காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூவரும் பக்கத்து கிளினிக்குக்கு ஓடினோம். ஓடும்போதே அவர் ஆரம்பித்தார்.

"காலைல நல்லாத்தானுங்க இருந்தா. உங்க வீட்ல குளிக்கறப்ப தண்ணி போயிருக்கும்."

"மூணு நாளா உங்ககிட்டதான இருந்தா?"

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சீழ் கோத்திருக்கிறது, சில நாளாகவே வலித்திருக்கும் என்றார். எப்போதிருந்து வலிக்கிறது என்று அவளிடமே இந்தியில் கேட்டார்.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம், எந்தக் கிழமையைச் சொல்லப்போகிறாள் என்று.

"சொல்ல மாட்டேன்" என்றாள் தமிழில். "சொன்னா அந்த வீட்டுக்கு விட மாட்டீங்க."

என்ன சொல்கிறாள் என்று டாக்டர் எங்களைக் கேட்டார்.