சண்டை நடக்கும் எல்லைக்குத் திரும்பினேன்

நான் ராணுவத்தில் நர்ஸ். அப்போது இரண்டு நாடுகளுக்கு நடுவே ஐ.நா. அமைதிப்படை வைத்திருந்த முகாம் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். லீவில் எங்கள் ஊரான மணலூர்பேட்டைக்கு வந்திருந்தபோது, அந்த எல்லையில் மறுபடி சண்டை மூண்டது. முடிந்தவர்கள் உடனே திரும்பலாம் என்று முகாமிலிருந்து அழைப்பு வந்தது. நான் துணிமணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

கரும்பு வெட்டிவிட்டு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாத்துக்கும்மா போற? அது நம்ம சண்டையா?"

"போன மாசம் காலு செதஞ்சி ஒரு பொம்பள வந்துச்சிப்பா. தூக்கினு வந்தவரு நேபாளத்துக்காரரு, ஆபரேஷன் பண்ணவரு கானா நாட்டு டாக்டரு. அவங்களுக்கும் அது சொந்த சண்ட இல்லியே."

மறுநாள் காலையில் அப்பா என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "குண்டு சத்தம் கேட்டா பதுங்கு குழிக்கு ஓடிடணும், இன்னா?" என்றார். "சரிப்பா" என்றேன். இறங்க வேண்டும் என்று தோன்றவில்லை.

முகாமில் படுக்கைகள் நிரம்பி, காயம்பட்டவர்களைத் தரையிலும் கிடத்தியிருந்தார்கள். வந்த களைப்போடு கையைக் கழுவிக்கொண்டு வேலையில் இறங்கினேன். சண்டை நிறுத்தம் வரும்வரை அங்கேயே இருந்தேன்.